பத்தாவது ஆட்சேபணை

ஐந்து மணிக்கு இன்னும் பன்னிரண்டு நிமிடம் இருந்தபோது, ஸ்கேல் தன் தங்கையின் கையெழுத்தைப் போட்டுக்கொண்டிருந்தார்.

முதல் தடவை கடைசி எழுத்தின் வால் நேராக இறங்கிவிட்டது. அவள் போடும் வால் அப்படி இறங்காது. கீழே போய், சண்டைக்கு நிற்பவள் மாதிரி இடுப்பை வளைத்து, மேலேறி ஒரு கொக்கியில் முடியும். டிரேசிங் தாளில் நான்கு முறை எழுதிப் பார்த்தார். பக்கத்தில் பதினொரு வருடத்துக்கு முந்தைய பாகப்பிரிவினைப் பத்திரத்தின் நகல் விரிந்து கிடந்தது. அதில் இருந்த கொக்கியைப் பார்த்துத்தான் எழுதினார்.

ஐந்தாவது தடவை படிவத்திலேயே போட்டார். அரை மில்லிமீட்டர் கோட்டைப் பேசிக்கொண்டே போடுகிற கை அது. அன்றைக்கு மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

நகராட்சியின் நகரமைப்புப் பிரிவில் முப்பது வருடமாக அவர் வரைவாளர். மற்றவர்கள் சட்டைப்பையில் பேனா குத்திக்கொண்டால் இவர் ஆறங்குல எஃகு ஸ்கேலைக் குத்திக்கொள்வார். கீழே வாட்ச்மேன் முதல் மேலே அதிகாரி வரை எல்லோருக்கும் அவர் ஸ்கேல்தான். சம்பளச் சீட்டில் வேறு ஏதோ பெயர் வரும். யாரும் அதைப் படித்ததில்லை.

படிவத்தில் 'காரணம்' என்று ஒரு கட்டம் இருந்தது. கடைத்தெரு வியாபாரிகள் அச்சடித்து ஊர் முழுக்க விநியோகித்திருந்த வாசகத்தையே அதில் நிரப்பினார். வாகன நெரிசல், நிலத்தடி நீர், சிறு வியாபாரிகளின் வாழ்வாதாரம். முகவரிக் கட்டத்தில் பத்திரத்தில் இருந்த அவளுடைய வெளியூர் முகவரி. மையை ஊதிக் காயவைத்துக்கொண்டே எழுந்து ஓடினார்.

இரண்டு மாடி. இருபது வருடத்துக்கு முன் சைக்கிளோடு விழுந்த நாளிலிருந்து இடது முழங்கால் அவர் பேச்சைக் கேட்டதில்லை. அதையும் இழுத்துக்கொண்டு இறங்கினார்.

விஷயம் இதுதான். ஊருக்கு மேற்கே மூடிப்போன நூல் ஆலையின் பதினாறு ஏக்கர் சும்மா கிடந்தது. நகராட்சி வரைபடத்தில் அதற்கு மஞ்சள் நிறம். மஞ்சள் என்றால் வீடுதான் கட்டலாம். குண்டூசியிலிருந்து குளிர்சாதனப்பெட்டி வரை ஒரே கூரைக்குக் கீழே விற்கும் கம்பெனி ஒன்று அந்த இடத்தை வளைத்துப்போட்டு, மஞ்சளை நீலமாக்கித் தரச்சொல்லி மனு கொடுத்தது. நீலம் என்றால் வணிகம். முப்பது நாள் அவகாசம். நூறு மீட்டர் சுற்றளவில் சொந்த இடம் வைத்திருப்பவர்கள் ஆட்சேபணை கொடுக்கலாம். பத்துப் பேர் கொடுத்தால் பொது விசாரணை. ஒன்பது என்றால் அதிகாரியின் அறையிலேயே கோப்பு முடிந்துவிடும்.

அன்றைக்குக் கடைசி நாள். வந்திருந்தவை ஒன்பது.

அந்தக் கடை வந்தாலும் ஸ்கேலுக்கு ஒன்றுதான், வராவிட்டாலும் ஒன்றுதான். அவருக்கு வேண்டியது அந்த விசாரணை. ஆட்சேபணை கொடுத்த ஒவ்வொருவருக்கும் பதிவுத் தபாலில் ஓர் அறிவிப்பு போகும். இன்ன தேதி, இன்ன நேரம், நேரில் ஆஜராகவும் என்று வட்ட முத்திரையோடு போகும். அண்ணன் எழுதுகிற கடிதத்தைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பலாம். அப்படி இரண்டு கடிதங்கள் திரும்பி வந்து அவர் மேசை இழுப்பறையில் கிடந்தன. ஆனால் அரசாங்கக் கடிதத்தை யார் திருப்பி அனுப்புவார்கள்?

அவள் வருவாள். கோபத்தோடாவது வருவாள்.

தபால் பெறும் கவுண்டரில் முத்திரையம்மா உட்கார்ந்திருந்தார். இருபத்தாறு வருடமாக அதே நாற்காலி. அவர் முத்திரை குத்தினால் மேசையின் நான்கு கால்களும் இடம் மாறும் என்று ஆபீசில் பேச்சு. கவுண்டருக்கு முன்னால் ஒரு வழுக்கைத்தலைக்காரர் வாதாடிக்கொண்டிருந்தார்.

"உங்க வீட்டுலேர்ந்து காலையிலயே உங்க சம்சாரம் குடுத்துட்டாங்க. ஒரு கதவு எண்ணுக்கு ஒண்ணுதான். எது மேல முதல்ல முத்திரை விழுதோ அதுதான் நிக்கும். இதை இரட்டைக் கட்டுல போட்டுடறேன்."

"நான்தானேம்மா வீட்டுக்காரன்?"

"அதை வீட்டுல போய்ச் சொல்லுங்க."

வழுக்கை போனது. முத்திரையம்மா நிமிர்ந்தார். அவர் முழங்கைக்குப் பக்கத்தில் அன்றைய தபால் பை வாய் கட்டியபடியே கிடந்தது. இப்படிக் கூட்டம் நெரியும் நாளில் நிற்கிற ஆட்களைத்தான் முதலில் கவனிப்பார். பை மறுநாள் காலையில்தான் வாய் திறக்கும்.

"என்ன தம்பி, கீழ இறங்கி வந்திருக்கீங்க? மேல தீப்பிடிச்சிருச்சா?"

"ஒரு தபால் அக்கா."

"உங்க கையிலயா?"

"ஒருத்தங்க குடுத்தாங்க. அவங்களால மாடி ஏறி வர முடியலையாம்."

"கவுண்டர் தரையிலதானே இருக்கு? அவங்க எதுக்கு மாடி ஏறணும்?"

முப்பது வருடம் கோடு போட்டவருக்குப் பொய்யை நேராகப் போடத் தெரியவில்லை. படிவத்தை நீட்டினார். முத்திரையம்மா கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

"பதினேழு பி. உங்க தங்கச்சி பங்குதானே இது?"

"ஆமா."

"வந்திருந்தாங்களா?"

"வந்து... குடுத்துட்டுப் போயிட்டா."

முத்திரையம்மா அவர் முகத்தைப் பார்த்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்துக்கு இரண்டு நிமிடம். முத்திரையை மையில் ஒற்றி, ஓங்கி ஒரு குத்து குத்தினார்.

"பத்து," என்றார்.

வாசலில் காத்திருந்த வியாபாரிகள் கூட்டத்தில் ஒரு சலசலப்பு. சங்கத் தலைவரான மளிகைக்காரர் ஓடிவந்து ஸ்கேலின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"சார், நீங்க மனுஷனே இல்ல சார்."

"நான் எதுவும் பண்ணலைங்க. நான் ஆபீஸ்காரன். எனக்கு ஆட்சேபணை குடுக்கற உரிமை கூடக் கிடையாது."

"அதான் தங்கச்சியை வெச்சுக் குடுத்துட்டீங்களே," என்று கண்ணடித்தார் மளிகைக்காரர். "விசாரணைக்கு மட்டும் அவங்களைக் கூட்டிட்டு வந்துடுங்க. மிச்சத்தை நாங்க பார்த்துக்கறோம்."

"வருவா," என்றார் ஸ்கேல்.

விசாரணைக்கு முப்பத்திரண்டு நாள் இருந்தது.

ஆலை மதிலுக்கு எதிர்த் தெருதான் ஸ்கேல் குடியிருந்த தெரு. ஒரு காலத்தில் அதில் ஏழு வீடு. ஐந்தைக் கம்பெனிக்காரர்கள் சாலையை அகலப்படுத்த என்று வாங்கிவிட்டார்கள். அந்த ஐந்திலும் ஜன்னல்களைப் பிடுங்கி எடுத்துக்கொண்டு போய்விட்டதால், தெருவில் நடந்தால் பல்லில்லாத வாய்கள் வரிசையாகப் பார்ப்பது போலிருக்கும். பால் போடுகிறவர் ஒரே ஒரு பாக்கெட்டுக்காக இவ்வளவு தூரம் வரமுடியாது என்று முனையில் இருக்கும் கடையிலேயே வைத்துவிட்டுப் போய்விடுவார். மிச்சமிருந்தவை பதினேழு ஏ, பதினேழு பி. உண்மையில் அவை இரண்டும் ஒரே வீடு.

பெற்றோர் போன பிறகு அண்ணனும் தங்கையும் அதைப் பங்கு பிரித்தார்கள். வரைபடம் போட்டது ஸ்கேல். வடக்கே பாதி, தெற்கே பாதி, அங்குலம் பிசகாத சரிபாதி. நடுக்கோடு மாடிப்படியின் நட்டநடுவில் விழுந்தது.

"அண்ணே, படியை யாராவது ஒருத்தர் வெச்சுக்கலாம். ஒண்ணு நீங்க எடுத்துக்கோங்க, இல்லைன்னா எனக்குக் குடுங்க. படியை எப்படிப் பிரிக்கிறது?" என்று கேட்டாள் தங்கை.

"கோடு அப்படித்தான் வருது," என்றார் அவர்.

"கோட்டை நீங்கதானே போட்டீங்க?"

கொத்தனார் சிரித்துக்கொண்டேதான் சுவர் எழுப்பினார். நாலடிப் படி இரண்டிரண்டு அடியாகப் பிளந்தது. சுவரின் கனம் போக, இந்தப் பக்கம் மிஞ்சியது ஒன்றே முக்கால் அடி. பத்திரத்தில் கொக்கி போட்டுக் கையெழுத்திட்ட அன்றைக்கே அவள் தன் பாதியைப் பூட்டிச் சாவியோடு வெளியூர் போய்விட்டாள். போகும்போது ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள். "நிம்மதியா ஏறி இறங்குங்க."

பதினொரு வருடமாக அவர் பக்கவாட்டில் திரும்பி, நண்டு மாதிரி, வயிறு சுவரில் உரச உரச ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். மாடியில் அவருக்கு எந்த வேலையும் இல்லை. துணி காயப்போடக் கீழேயே கொடி இருந்தது. ஆனாலும் தினமும் ஒரு தடவை ஏறுவார். மேலே நின்றால் தெற்குப் பாதியின் மொட்டைமாடி தெரியும். காய்ந்த இலைகளும் மழையில் நிறம் வெளுத்த ஒரு பிளாஸ்டிக் வாளியும் தெரியும். பார்த்துவிட்டு நண்டு இறங்கிவிடும்.

அந்த முப்பத்திரண்டு நாளும் அவர் வேறு ஆளாகத் திரிந்தார். தெற்குப் பாதியின் வாசலைப் பெருக்கினார். சாவி அவளிடம் இருந்தாலும் பூட்டின் துவாரத்தில் எண்ணெய் விட்டார். வந்தால் திறக்க வேண்டுமே. வீட்டில் ஒரே ஒரு நாற்காலிதான் இருந்தது. இன்னொன்று வாங்கிவந்து எதிரே போட்டார். எதிரே போட்டது விசாரணை மாதிரி இருந்ததால் பக்கத்தில் போட்டார். பக்கத்தில் போட்டது பஸ் மாதிரி இருந்தது. கடைசியில் கொஞ்சம் கோணலாகப் போட்டுவிட்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கோணலைச் சரி செய்யாமல் விட்டார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு வரைபடம் போட்டார். அதே வீடு. நடுக்கோடு மாடிப்படிக்கு வரும்போது மட்டும் வடக்கே நகர்ந்து, படி முழுவதையும் தெற்குப் பாதிக்குக் கொடுத்துவிட்டு, மறுபடி நேரானது. கறுப்பு மையில், கீழே தன் கையெழுத்தோடு. சுருட்டி ஒரு தகரக் குழலில் போட்டு மூடினார். அவள் வந்ததும் ஒன்றும் பேசவேண்டாம், இதை நீட்டினால் போதும் என்று முடிவு செய்துகொண்டார்.

அறிவிப்புகள் கிளம்பிய நாளில் முத்திரையம்மா பத்து உறைகளையும் அடுக்கி ஒட்டுவதைக் கவுண்டருக்கு வெளியே நின்று பார்த்தார். பத்தாவது உறையில் தங்கையின் முகவரி சரியாக இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தார். படிவத்தில் இருந்தபடியே இருந்தது.

"என்ன தம்பி, உங்களுக்கும் ஒண்ணு அனுப்பணுமா?"

"இல்லக்கா. சும்மா."

"சும்மா நிக்கற ஆளா நீங்க?"

விசாரணை காலை பதினொரு மணிக்கு. மன்றக் கூடத்தில் நாற்காலி போதவில்லை. ஒரு பக்கம் வியாபாரிகள், ஒரு பக்கம் கம்பெனி ஆட்கள். நடுவில் நகரமைப்பு அதிகாரி. வயது முப்பத்தைந்துக்குள் இருக்கும். குரலை உயர்த்தாமலே கூட்டத்தை அடக்கும் பெண். சுவரில் ஸ்கேல் கையால் வண்ணம் தீட்டிய ஊர் வரைபடம் தொங்கியது. அதன் பக்கத்து நாற்காலியில், மடியில் தகரக் குழலோடு ஸ்கேல். அன்றைக்கு இஸ்திரி போட்ட சட்டை.

"குழாய்ல என்ன சார், வெடிகுண்டா?" என்று மெதுவாகக் கேட்டார் மளிகைக்காரர்.

"ஒரு படம்."

"போடுங்க சார் போடுங்க. அவனுங்க ஓடணும்."

கம்பெனி சார்பில் கோட்டுப் போட்ட ஒருவர் பேசினார். நானூறு கார் நிற்கும் இடம், இருநூறு பேருக்கு வேலை, ஊருக்கே வெளிச்சம்.

"அந்த வெளிச்சத்துல எங்க கடை தெரியாமப் போயிடும்," என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அதிகாரி நிமிர்ந்து பார்த்ததும் குரல் உட்கார்ந்துகொண்டது.

சுற்றுத் தெருக்களின் ஆட்சேபணைதாரர்களைக் கதவு எண் சொல்லிக் கூப்பிட்டார்கள். பன்னிரண்டு ஆஜர். பதினான்கு ஆஜர். வழுக்கைத்தலைக்காரரின் மனைவி வந்து பத்து நிமிடம் பேசினாள். அவர் பின்னால் நின்று தலையாட்டினார். ஸ்கேலின் காதில் எதுவும் விழவில்லை. கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் மடியில் இருந்த குழல் ஒருமுறை உருண்டது. தண்ணீர் கொண்டுவந்த ஆள். தாமதமாக வந்த நிருபர். யாரோ ஒரு பெண்மணி. ஸ்கேல் பாதி எழுந்துவிட்டார். அவள் பிறப்புச் சான்றிதழ் எந்த அறையில் கிடைக்கும் என்று கேட்டுவிட்டுப் போனாள்.

ஒன்பது முடிந்தது.

"கதவு எண் பதினேழு பி," என்றார் அதிகாரி.

வாசலில் நின்ற கடைநிலை ஊழியர் வராந்தாவைப் பார்த்து உரக்கக் கூப்பிட்டார். "பதினேழு பி."

வராந்தாவின் மறுகோடி வரை அந்தச் சத்தம் போய்த் திரும்பி வந்தது.

"பதினேழு பி."

எல்லாத் தலைகளும் ஸ்கேல் பக்கம் திரும்பின. அவர் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பதினேழு பி." மூன்றாவது தடவை குரலில் அவ்வளவு பலம் இல்லை. கூப்பிட்டவருக்கே தெரிந்துவிட்டது.

அதிகாரி பேனாவை மூடினார். "ஆஜராகாத ஆட்சேபணை கைவிடப்பட்டதா எடுத்துக்கறோம். மிச்சம் ஒன்பது. விதிப்படி ஒன்பதுக்கு விசாரணை இல்லை. மாற்றத்துக்கு அனுமதி." பிறகு ஸ்கேலைப் பார்த்து, "சார், இன்னிக்கே படத்தை மாத்திடுங்க. சாயங்காலம் கையெழுத்துப் போட்டுடறேன்" என்றார்.

கூட்டம் கலைந்தது. மளிகைக்காரர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பக்கத்தில் வந்து நின்று, "ஒரு ஆளு சார். ஒரே ஒரு ஆளு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கோட்டுக்காரர் கைகுலுக்கினார். "தப்பா எடுத்துக்காதீங்க சார். அவங்க பங்கை விலைக்குக் கேட்டு நாங்களும் உங்க தங்கச்சிக்கு எழுதினோம். விசாரிச்சு, ஆளைத் தேடிக் கண்டுபிடிச்சு எழுதினோம். பதிலே வரலை. அவங்க யாருக்குமே பதில் போட மாட்டாங்க போலிருக்கு."

தேடிக் கண்டுபிடித்து என்றால் என்ன என்று ஸ்கேல் அப்போது யோசிக்கவில்லை. வரைபடத்தை மாட்டியிருந்த ஆணியிலிருந்து கழற்றிக்கொண்டு மாடி ஏறினார்.

மஞ்சள் மேல் நீலம் தீட்டினால் பச்சையாகிவிடும். பச்சை என்றால் விவசாயம். புதிதாக வந்த ஒருவன் ஒருமுறை அப்படித் தீட்டி, பேருந்து நிலையத்தை நெல் வயலாக்கிவிட்டான். அதனால் முதலில் பிளேடால் மஞ்சளைச் சுரண்டவேண்டும். ஸ்கேல் சுரண்ட ஆரம்பித்தார். பொடிப்பொடியாக மஞ்சள் உதிர்ந்தது. பன்னிரண்டு வருடத்துக்கு முன் அவரே தீட்டிய மஞ்சள். ஆலை மதிலுக்கு எதிர்த் தெருவில் பதினேழாம் எண் ஒரு கடுகளவுக் கட்டமாக இருந்தது. அவ்வளவு சின்னக் கட்டத்தில் நடுச்சுவர் தெரியவில்லை.

பாதி சுரண்டியிருப்பார். முத்திரையம்மா மூச்சு வாங்க வாசலில் வந்து நின்றார். இருபத்தாறு வருடத்தில் அவர் இந்த மாடி ஏறியதை யாரும் பார்த்ததில்லை.

"தம்பி, இது இப்பதான் தபால்காரர் குடுத்தார். சாயங்காலம் வரைக்கும் நீங்க மனசுல வெச்சுக்கிட்டு உக்காந்திருக்க வேண்டாமேன்னு ஏறி வந்தேன்."

பத்தாவது உறை. வட்ட முத்திரையோடு, பிரிக்காமலே திரும்பி வந்திருந்தது.

"இதையும் திருப்பி அனுப்பிட்டாளா," என்றார் ஸ்கேல்.

"பின்னாடி பாருங்க முதல்ல."

திருப்பினார். தபால்காரரின் கிறுக்கல். மேற்படி நபர் வீடு மாறி நான்கு வருடம் ஆகிறது.

ஸ்கேல் மேசை இழுப்பறையைத் திறந்தார். திரும்பி வந்த தன் இரண்டு கடிதங்களையும் எடுத்தார். வந்த அன்றைக்கு முன்பக்கத்தில் தன் கையெழுத்தைப் பார்த்ததுமே முகத்தில் அறைந்தாற்போல உள்ளே வீசியவை. பின்பக்கத்தை இப்போதுதான் பார்த்தார். இரண்டிலும் அதே வாசகம், வருடம் மட்டும் வேறு.

"அவங்க வராம இல்ல தம்பி. கடுதாசி போய்ச் சேரவே இல்ல," என்ற முத்திரையம்மா சட்டென்று நிறுத்தினார். "இருங்க. அப்போ தபால்ல வந்ததுல என்ன அட்ரஸ் போட்டிருந்தது?"

"தபால்ல என்ன வந்தது?"

"உங்க தங்கச்சியோடதுதான். கடைசி நாள் பையில இருந்தது. மறுநாள் காலையில பிரிச்சேன். பதினேழு பின்னு பார்த்ததும், சரி, கையிலயும் குடுத்துட்டு, எதுக்கும் இருக்கட்டும்னு தபால்லயும் போட்டிருக்காங்க, பயந்த சுபாவம் போலன்னு நினைச்சேன். ஏற்கனவே முத்திரை விழுந்த எண். இரட்டைக் கட்டுல போட்டுட்டேன். படிக்கக்கூட இல்ல."

ஸ்கேல் பிளேடைக் கீழே வைத்தார்.

முத்திரையம்மா கீழே போய், முத்திரை விழுந்த படிவத்தையும் இரட்டைக் கட்டையும் எடுத்து வர ஆறு நிமிடம் ஆனது. இரட்டைக் கட்டின் நூலை அவிழ்த்து, வழுக்கைத்தலைக்காரரின் படிவத்துக்குக் கீழிருந்து ஒன்றை உருவினார். உறையோடு சேர்த்துக் குத்தியிருந்தது. உறையில் இந்த ஊர்த் தபால் நிலையத்தின் வரவு முத்திரை. அதே கடைசி நாள், காலை பதினொன்று பத்து. அதாவது இவர் மேலே டிரேசிங் தாளில் கொக்கி போட்டுப் பழகிக்கொண்டிருந்தபோது, அவளுடைய உண்மையான ஆட்சேபணை முத்திரையம்மாவின் முழங்கைக்குப் பக்கத்தில், வாய் கட்டிய பைக்குள் கிடந்திருக்கிறது. தபாலுக்கு வரவு முத்திரையின் தேதிதான் கணக்கு; பத்து ஏற்கனவே வந்துவிட்டிருந்தது. இவர் கொடுத்தது அதை எழுந்து நிற்கவிடாமல் மேலே ஏறி உட்கார்ந்துகொண்டது. முகவரியும் அப்படியே. உறையில் அவள் எழுதியிருந்த புதிய முகவரி கட்டுக்குள் போனது. இவர் எழுதிய பழைய முகவரிக்கு அழைப்பு போனது.

கையெழுத்தைப் பார்த்தார். வால் நேராக இறங்கியிருந்தது. கொக்கி இல்லை. அவர் சரியில்லை என்று ஒதுக்கிய முதல் முயற்சி மாதிரியே இருந்தது.

கையெழுத்துக்கு மேலே அவருடைய கண் போகவில்லை. போகவிடவில்லை.

முத்திரையம்மா இரண்டு படிவங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இருபத்தாறு வருடம் கையெழுத்துகளையே பார்த்த கண். கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தார்.

"நான் எதையும் பார்க்கல தம்பி," என்றார் கடைசியில். "டீ சொல்லணுமான்னு கேக்க வந்தேன். அட்ரஸை ஒரு துண்டுச்சீட்டுல எழுதிக்கோங்க. பஸ்ஸைப் பிடிச்சுப் போங்க. இதை மறுபடியும் கட்டுல சொருகிடறேன். இரட்டைக் கட்டை யாரும் பிரிக்க மாட்டாங்க. நாலு வருஷம் கழிச்சு எரிப்பாங்க. உங்களுக்கு ரிட்டயர்மெண்ட்டுக்கு எத்தனை வருஷம் இருக்கு?"

"நாலு."

"சரியாப் போச்சு பாருங்க."

ஸ்கேல் பாதி சுரண்டிய வரைபடத்தைப் பார்த்தார். அவளைப் பதினேழு பி என்று மூன்று தடவை கூப்பிட்டது நினைவுக்கு வந்தது. கூப்பிடாத இடத்துக்கு அவள் எப்படி வருவாள்? முப்பது வருடத்தில் இந்த ஆபீசுக்கு அவள் எழுதியது ஒரே ஒரு தாள். அதையும் அண்ணனே நூல் போட்டுக் கட்டி வைத்தால்?

"அக்கா, ரெண்டையும் குடுங்க."

"தம்பி, வேலை போயிடும்."

"தெரியும்க்கா."

அதிகாரியின் அறை வராந்தாவின் கோடியில். தகரக் குழல் மேசையிலேயே கிடந்தது. வரைபடத்தை எடுத்துக்கொண்டுதான் போனார், மஞ்சள் பொடி சட்டையெல்லாம் உதிர.

"முடிச்சிட்டீங்களா சார்?"

"இல்ல மேடம். முடிக்கக் கூடாது." இரண்டு படிவங்களையும் மேசையில் வைத்தார். விரல் முதல் படிவத்தைத் தொட்டது. "இது பொய். இதுல கையெழுத்துப் போட்டது நான்." விரல் நகர்ந்தது. "இதுதான் நிஜம். இதுவும் தேதிக்குள்ள வந்திருக்கு. இந்த முகவரிக்கு அறிவிப்பு போகவே இல்லை. பத்தாவது ஆள் இன்னும் இருக்காங்க மேடம்."

அதிகாரி முதலில் பொய்யான கையெழுத்தைப் பார்த்தார். அப்புறம் இஸ்திரிச் சட்டையில் மஞ்சளாக நின்ற ஆளைப் பார்த்தார்.

"எதுக்கு சார் இப்படிப் பண்ணீங்க? வியாபாரிங்க சொன்னாங்களா?"

"யாரும் சொல்லல. அவ ஒரு தடவை வரணும்னு நினைச்சேன். வேற எப்படிக் கூப்பிடறதுன்னு தெரியல."

"நேரா போயிருக்கலாமே."

"பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயிருக்கேன் மேடம். ரெண்டு மூணு தடவை."

அதிகாரி இரண்டாவது படிவத்தை எடுத்தார். படித்தார். மறுபடி முதலிலிருந்து படித்தார். படித்துவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்தார்.

"இதுல காரணம் கட்டத்துல என்ன எழுதியிருக்காங்கன்னு பார்த்தீங்களா?"

"இல்ல. நெரிசல், தண்ணி, அப்படித்தான் இருக்கும். எல்லாரும் அதைத்தான் எழுதியிருந்தாங்க."

அதிகாரி தாளை அவர் பக்கம் திருப்பி, மேசையின் குறுக்கே தள்ளினார். கட்டத்துக்குள் அடங்காமல், ஓரத்தில் செங்குத்தாகவும் இறங்கி ஓடியது அந்தக் கையெழுத்து.

'இந்தக் கடைக்காக என் பங்கு வீட்டை விலைக்குக் கேட்கிறார்கள். என் பாதியை இடித்தால் நடுச்சுவர் நிற்காது, மாடிப்படியும் நிற்காது. அந்தப் பக்கத்தில் என் அண்ணன் தனியாக இருக்கிறார். அவருக்கு இடது முழங்கால் சரியில்லை. ஏற்கனவே என்னால் அவர் குறுகின படியில் ஏறி இறங்குகிறார். அன்றைக்கு நான் கோபப்படாமல் முழுப் படியையும் அவரிடமே விட்டுக்கொடுத்திருக்கலாம். நான் விற்க மாட்டேன். இதை நேரில் வந்து சொல்ல வேண்டும். அவருக்கு எழுத எனக்கு முகம் இல்லை, அவராகவும் எழுதவில்லை. அவர் அந்த ஆபீசில்தான் வேலை பார்க்கிறார். விசாரணை வைத்தால் தயவு செய்து என்னைக் கண்டிப்பாகக் கூப்பிடவும்.'